ஒரு தோள்மாற்றுத் தூரம்

காப்ரியல் மண்டோர் தூரத்தைத் தோளால் அளந்தார். அவரிடம் அளவுச் சங்கிலியும் இருந்தது. ஆனால் ஜனங்களிடம் பேசும்போது சங்கிலிக் கணக்கை அவர் எடுப்பதில்லை.

காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு ரப்பர் மரங்களுக்கிடையே நடக்கிறவர்கள், ஒரு தோள் கடுத்ததும் கம்பை மறு தோளுக்கு மாற்றுவார்கள். நடை நிற்காது. பிடரியின் மேல் கம்பு ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த பக்கம் உட்கார்ந்துவிடும். அப்படி ஒருமுறை மாற்றுவதற்குள் நடக்கிற தூரத்துக்கு தோட்டங்களில் ஒரு தோள்மாற்று என்று பெயர். சங்கிலி போட்டுப் பார்த்தால் ஏழு சங்கிலி, ஏறக்குறைய நூற்றைம்பது கஜம் வரும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடும். காப்ரியலுக்கு அது போதுமான அளவாகத் தோன்றியது.

அவர் மலாய் நாட்டில், கெர்லிங் பக்கத்தில் ஒரு தோட்டத்து வரிசைவீட்டு லயத்தில் 1908இல் பிறந்தவர். பதினேழு வயதில் புதுக்காட்டில் சங்கிலி பிடிக்கப் போனார். கன்று நடுவதற்கு முன் நேர்கோடு பிடித்து, இருபது அடிக்கு ஒரு முளைக்குச்சி அடிப்பது அந்த வேலை. முதல் கோடு ஒரு விரற்கடை கோணினால் கடைசி வரிசை சாக்கடையில் போய் நிற்கும், அது முப்பது வருஷம் அங்கேயே நிற்கும் என்று அவருக்கு மேஸ்திரியாக இருந்த பழைய மண்டோர் சொல்லிக் கொடுத்திருந்தார். காப்ரியலுக்குத் தெரிந்த தத்துவம் அவ்வளவுதான். பிறகு கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகிற சாலையில், ஏழாம் மைல்கல்லான ஏழாங் கட்டை அருகே இருந்த தோட்டத்துக்கு ரோட்டு மண்டோராக வந்தார். அதற்கு ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் மூங்கில் தோட்டம் என்றார்கள்.

மனைவி மாடில்டா சுங்கை சோவில் வளர்ந்தவள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஜப்பான்காரன் போன மறு வருஷம் மாடில்டா கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். பிறந்த குழந்தையை முதன்முதலாகக் குளிப்பாட்டுவது அவள் பொறுப்பு. காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவாள். வந்ததும் அன்று எத்தனை ஆண், எத்தனை பெண், எது யாருடைய மூக்கோடு பிறந்தது என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பாள். காப்ரியல் அதிகம் பேசாதவர். அந்த வீட்டில் கேட்ட பேச்சில் பாதிக்கு மேல் அந்த வார்டிலிருந்து வந்ததுதான்.

அவசரகாலம் தொடங்கி மூன்றாம் வருஷம், 1951இல், உத்தரவு வந்தது. தோட்டத்தின் மூன்று கோடியில் சிதறிக் கிடந்த லயங்களைப் பிரித்து, எல்லாக் குடும்பங்களையும் ஒரே இடத்தில், முள்கம்பி வேலிக்குள் குடிவைக்க வேண்டும். காட்டிலிருந்து சர்க்காரை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்களுக்கு அரிசி போகக்கூடாது என்பது காரணம். இடம், சாலையோரம் இருந்த பழைய நாற்றுமேடு. துரை ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். நூற்று நாற்பது வீடுகள், நேர்நேர் வரிசைகளில், சாலையிலிருந்து உள்நோக்கி நீளமாக. வாசல் ஒன்றே ஒன்று, மேற்குக் கோடியில், பால் கொட்டும் ஸ்டோரைப் பார்த்தபடி. கிழக்கே பஸ் போகும் சாலைப் பக்கம் வெறும் வேலி.

“மரம் நடுகிற மாதிரி நடு” என்று சொல்லி முளைக்குச்சிகளைக் காப்ரியலிடம் கொடுத்தார்கள்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரம் நட்ட இடத்தில் நிற்கும். பஸ்ஸை விட்டு இறங்காது. ஏழாங் கட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒருத்தி, வேலியை ஒட்டி நடக்கவிடாததால் தள்ளி ரப்பர் காட்டு வழியே சுற்றி மேற்கு வாசலுக்கு வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். மாலை ஆறு மணிக்கு வாசலை மூடுவார்கள். ஆறுக்குப் பிறகு வெளியே நடமாடுகிறவர்களைச் சுடலாம் என்பது சட்டம்.

அன்று மாலை மாடில்டாவிடம் படத்தைத் தரையில் வரைந்து காட்டினார்.

“ஆறு மணிக்கு வாசல சாத்திட்டா நா எங்க போயிப் படுக்கறது? பஸ்ஸுலயா?”

“பஸ்ஸு அஞ்சு இருவதுக்கு வரணும்.”

“வரணும். வருதா? நேத்து போலீஸ்காரன் நாலு எடத்துல நிப்பாட்டி ஐசி கார்டு பாத்தான். ஒரு கெழவி பூனக்குட்டிய கூடயில மறச்சி வெச்சிருந்தா. குண்டுன்னு நெனச்சி கூடயத் தொறக்கச் சொல்லி, அது அவன் மூஞ்சியில பாஞ்சி, அந்தக் கூத்து முடியவே கால் மணி நேரம்லா.”

காப்ரியல் சிரிக்கவில்லை. தரையில் போட்டிருந்த வாசலைக் கட்டைவிரலால் அழித்தார், பிறகு அதே இடத்தில் மறுபடி போட்டார்.

“வேலய விட்டுருன்னு நேராச் சொல்லிடுங்க” என்றாள் மாடில்டா. “சுத்தி வளச்சி வேலி போட்டு சொல்ல வேணாம்.”

“நா குச்சி அடிக்கறவன். படம் தொரையோடது.”

“அப்ப தொரைகிட்ட பேசுங்க. அஞ்சு வருசமா அத்தன புள்ளைங்க எங் கையில குளிச்சிருக்கு. ஒரு குச்சிக்காக நா அத வுட மாட்டேன்.”

தோட்டத்தில் மண்டோர் நேராகத் துரையிடம் பேசுவது வழக்கமில்லை. தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி வழியாகத்தான் பேச்சுப் போகும். பெரிய கிராணி சிவானந்தம் யாழ்ப்பாணத்துக்காரர். வெற்றிலைப் பெட்டியை மூடாமலே அவர் எல்லாவற்றையும் கேட்டார்.

“காப்ரியல், நீர் உம்மட மனிசியின்ர வேலையைப் பற்றிக் கதைச்சால் துரையின்ர காதிலை விழாது. பெரட்டைப் பற்றிக் கதையும்.”

பெரட்டு என்பது விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. அது ஸ்டோர் முன்னால் நடந்துகொண்டிருந்தது. காப்ரியல் இரண்டு நாள் அதை யோசித்தார். ஆறு மணிக்கு முன் வேலி வாசல் திறக்காது. ஆகவே ஸ்டோர் முன்னால் பெரட்டு ஆறுக்குப் பிறகுதான் தொடங்க முடியும். வாசலில் சோதனை வேறு. பால் வெயிலுக்கு முன் வடிந்தாக வேண்டும். மேலும், மூன்று கோடியில் இருந்தவர்களை ஓரிடத்தில் குவித்தால் தூரக் காடுகளுக்கு அவர்களை லோரியில்தான் ஏற்றிப்போக வேண்டும். லோரி சாலையில் வரும். அப்படியானால் பெரட்டுக் களம் வேலிக்கு உள்ளேயே, சாலைப் பக்கம் இருக்கட்டும். ஐந்தரைக்குப் பேர் கூப்பிட்டு முடிந்துவிடும், ஆறுக்கு வாசல் திறந்ததும் ஏற வேண்டியவர்கள் லோரியில் ஏறுவார்கள். லோரி நிற்கிற இடத்தில்தான் பஸ்ஸும் நிற்கிறது என்பதை அவர் சொல்லப்போவதில்லை.

நாற்றுமேட்டில் துரையிடம் இதைச் சொல்ல அவருக்கு ஏழெட்டு வாக்கியம் தேவைப்பட்டது. துரையின் தமிழ் பரீட்சைக்குப் படித்த தமிழ்.

“நீ மண்டோர். நீ ஏன் யோசனை செய்கிறாய்?”

“குச்சி அடிக்கறப்ப கை சும்மா இருக்காதுங்க தொர, மண்டையும் கூடவே ஓடுது.”

துரை படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். “கடைசி வீட்டு ஆள் களத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? களைத்துப் போனவன் வேலை செய்ய மாட்டான்.”

“ரெண்டு தோள்மாத்துத் தூரம்தாங்க. நடந்து காட்டச் சொல்றேன்.”

மறுநாள் பால் இறங்கும் நேரத்தில் நாகமணியைக் கூப்பிட்டார்கள். தோட்டத்தில் அதிகப் பால் சுமக்கிற பெண்பிள்ளை அவள்தான். துரை கையில் கடிகாரத்தோடு நின்றார். நாகமணி கடைசி முளைக்குச்சியிலிருந்து நிறைந்த வாளிகளோடு கிளம்பி, பாதியில் ஒரு சுழற்றுச் சுழற்றித் தோள் மாற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் சாலையோரம் வந்து சேர்ந்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. துரை பூட்ஸ் குதிகாலால் மண்ணில் ஒரு குழி போட்டார்.

“நல்லது. வாசல் இங்கே.”

மாடில்டாவின் வேலை தப்பியது. துரை போனதும் நாகமணி வாளிகளை லோரியில் ஊற்றிவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

“என்ன மண்டோரே, பந்தயம் ஜெயிச்சாச்சா?”

“ஜெயிச்சாச்சு.”

“அந்தக் கடேசி வூடு யாருக்கு?”

“சீட்டுப் போட்டுத்தான். ஒனக்கும் வரலாம்.”

“வந்தா நா பேசாம காட்டுக்காரன்கிட்டயே போயிடுவேன். அதாவது பக்கம்.”

“வாய மூடு. போலீஸ்காரன் காதுல வுழுந்தா நாளைக்கி நீ லாக்கப்புல.”

“அதுவும் பக்கந்தானே? மண்டோரே, நா ஏன் ஒரே மூச்சா நடந்தேன்? பால் வாளிய எறக்க முடியாது, அதனால. எறக்குனா மண்ணு தெறிக்கும், பால் கெட்டுப்போவும், ‘எவ எறக்குனா’ன்னு நீங்களே கத்துவீங்க. இதே நா இடுப்புல புள்ள, கையில அரிசிப் பை, இன்னொரு கையில மண்ணெண்ண போத்தலோட வந்தா நாலு எடத்துல நிப்பேன். நீங்க நட்டிருக்கற லட்சணத்துல நிக்க எடமெங்க? ரெண்டு பக்கமும் லயத்து முதுகுதான் வரப்போவுது. பாலுக்கு நடக்கறது வேற, வூட்டுக்கு நடக்கறது வேற.”

காப்ரியல் அவள் போன பிறகும் அங்கேயே நின்றார். இருபத்தாறு வருஷமாக அந்தத் தோள்மாற்றால் அளந்துகொண்டிருந்தவர். தோட்டத்தில் பிறந்து வளராத ஒருவன் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான். அவனுக்கு அந்த அளவே தெரியாது. எந்தச் சுமையை வைத்து அந்த அளவு உண்டானது என்பதை அவர் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இறக்கி வைக்க உரிமையில்லாத சுமை அது.

இப்போது ஒரு சிக்கல். வீடுகளின் தூரத்தைக் குறைக்க வேண்டுமானால் வரிசைகளையே மாற்ற வேண்டும். களத்தைச் சுற்றி விசிறி விரித்த மாதிரி, எந்த வாசற்படியும் ஒரு தோள்மாற்றுக்கு மேல் போகாமல் நடலாம். வரிசைகளின் முன்தலை களத்தைப் பார்க்கும். அந்த முன் அறைகளில் கடை வைக்கலாம், பின்னால் குடும்பம் இருக்கலாம். ஆனால் அதற்குத் துரையிடம் போய், நேற்று நீங்கள் கடிகாரம் பிடித்துப் பார்த்தது தப்பான நடை என்று சொல்ல வேண்டும். துரை கோபத்தில் பழைய படத்துக்கே திரும்பினால் வாசல் மேற்கே போய்விடும்.

மாடில்டாவிடம் சொன்னார். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வாசல் கெடச்சாச்சு. இன்னம் என்ன?”

“பின்னால இருக்கறவங்களுக்குத் தூரம்.”

“நமக்கு முன்னாலதானே வூடு, மண்டோர் வூடு? எனக்கு வாசல் போதும்லா. கையில வந்தத ஒடச்சிடாதீங்க. ஒங்களக் கெஞ்சிக் கேக்கறேன்.”

காப்ரியல் மூன்று நாள் துரை இருக்கும் பக்கமே போகாமல் சாக்கடை வேலையைப் பார்த்தார். நான்காம் நாள் போனார். அதை நேர்மை என்று சொல்ல ஆசைப்படலாம். பழக்கம் என்று சொல்வது உண்மைக்குக் கொஞ்சம் அருகில் இருக்கும். முதல் கோடு கோணல் என்று தெரிந்த பிறகு அடுத்த குச்சியை அடிக்க அவர் கைக்கு வரவில்லை.

ஆபீசில் துரையோடு ஒரு போலீஸ் அதிகாரியும் இருந்தார். கிராணி சிவானந்தம் சுவரோரம் நின்றார்.

“நீ என்னை ஏமாற்றினாய்?”

“ஏமாத்தலீங்க தொர. தப்பா அளந்துட்டேன்.” நாகமணி சொன்னதை அப்படியே சொல்லி, விசிறிப் படத்தை மேசைமேல் வைத்தார்.

துரை முகம் சுளித்தார். “இது கோணல். இது தோட்டம் மாதிரி இல்லை. வேண்டாம், பழைய படமே—”

போலீஸ் அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்தார். வாசல் இருக்கும் இடத்தில் பென்சிலை வைத்து, ஒவ்வொரு சந்தாகக் கோடு இழுத்துப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் துரையிடம் நீளமாக ஏதோ சொன்னார். சிவானந்தம் வெளியே வந்ததும் அதைத் தமிழில் சொன்னார்.

“வாசலிலை நிக்கிற ஒரு காவல்காரன் எல்லாச் சந்துகளையும் கடைசி வீடு வரைக்கும் பாக்கலாமாம். ரெண்டு காவல் மேடை மிச்சமாம். உம்மட விசிறி வெண்டிட்டுது, காப்ரியல். ஏன் வெண்டதெண்டு யோசிச்சு மனத்தைக் கெடுத்துக்கொள்ளாதையும்.”

அவர் யோசிக்கத்தான் செய்தார். அரிசிப் பையோடு வருகிறவளுக்காகப் போட்ட சந்து, துப்பாக்கிக்காரனின் கண்ணுக்கும் வசதியாக இருந்தது. ஒரே கோட்டை இரண்டு பேர் இரண்டு காரியத்துக்கு வைத்துக்கொள்வதை யாரால் தடுக்க முடியும்? வேலி வேலிதான். அதற்குள் நடக்கிற தூரத்தையாவது குறைக்கலாம்.

வேலை நாளில் ஆள் தரமாட்டேன் என்று துரை சொல்லிவிட்டதால் குச்சிகளைப் பிடுங்கி மறுபடி அடிக்க ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. காப்ரியல் ஐந்து பூசை தவறவிட்டார். மாடில்டா அந்த ஐந்து வாரமும் அவரோடு அளவாகத்தான் பேசினாள்.

1952 தொடக்கத்தில் குடிபோனார்கள். பிரமாதமான ஊர் என்று சொல்ல முடியாது. தகரக் கூரை பகலில் சுட்டது. கடைசி வீடுகளுக்குப் பின்னால் சாக்கடை சரியாக ஓடவில்லை. அது காப்ரியலின் தவறு, அதைச் சரிசெய்ய அவருக்கு ஒரு வருஷம் பிடித்தது. ஆனால் அந்தக் களம் நாள் முழுதும் காலியாக இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டு. ஏழு மணிக்கு டிரஸ்ஸர் மருந்துப் பெட்டியைத் திறப்பார். எட்டுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். மத்தியானம் பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் வரும், பூனைகள் வரும். மாலையில் முன் அறைகளில் பலகாரக்கடை, முடிதிருத்துகிறவர், துணி தைக்கிறவர். நாகமணிக்குச் சீட்டில் முன் அறை விழுந்தது. பால் வெட்டு முடிந்து வந்து அவள் ஆப்பம் சுட்டாள். சீட்டில் காப்ரியல் ஏதோ செய்திருக்கிறார் என்று சிலர் பேசினார்கள். செய்யவில்லை என்றுதான் தெரிகிறது.

எட்டு வருஷத்துக்குப் பிறகு முள்கம்பியைச் சுருட்டி லோரியில் ஏற்றியபோது காப்ரியல் அங்கே இருந்தார். எந்தப் பக்கமும் போகலாம், வரலாம் என்றான பிறகும் ஜனங்கள் அந்தப் பழைய வாசல் இருந்த இடம் வழியாகவே போய்வந்தார்கள். ஆனால் அவருக்கு அந்த இடம் சரிதான் என்ற நிச்சயம் வந்தது அப்போதல்ல. குடிபோன இரண்டாம் வாரமே வந்துவிட்டது.

அன்று மாலை பஸ் நேரத்துக்கு வரவில்லை. ஐந்தரை ஆயிற்று, ஐந்தே முக்கால் ஆயிற்று. காப்ரியல் வாசலுக்குள் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலில் இருந்த மலாய்க்காரன் கடிகாரத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், வாசலைப் பூட்டும் சங்கிலியைக் கையில் எடுத்தான். ஆறாக இரண்டு நிமிஷம் இருக்கும்போது பஸ் வளைவில் தெரிந்தது. இறங்கியவர்கள் ஐந்தாறு பேர். மாடில்டா கடைசியாக இறங்கினாள். இறங்கியவள் திரும்பி நின்று பஸ்ஸுக்குள் யாருக்கோ ஏதோ பதில் சொன்னாள். பிறகு சாலையைக் கடந்தாள். அவள் உள்ளே வந்ததும் பின்னால் வாசல் சாத்தப்பட்டது.

காப்ரியல் வீட்டை நோக்கி நடந்தார். களத்தின் ஓரத்தில், பத்து எட்டில் வீடு. வந்து திரும்பிப் பார்த்தால் மாடில்டாவைக் காணோம்.

அவள் நாகமணியின் அடுப்பருகே நின்றிருந்தாள். கையை இரண்டு முழம் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், அன்று பிறந்த குழந்தையின் நீளத்தைத்தான், நிச்சயமாகப் பொய். நாகமணி ஆப்பச்சட்டியை மறந்து சிரித்தாள். அங்கிருந்து தையல்காரர் வாசல். பிறகு பள்ளிக்கூடத்துக் குழாயடியில் இரண்டு பெண்களோடு. பிறகு அடுத்த வீட்டுப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினாள். இருட்டத் தொடங்கியிருந்தது. பழைய படத்தின்படி என்றால் இந்நேரம் அவள் வேலிக்கு வெளியே, ரப்பர் மரங்களுக்கிடையே ஓடிக்கொண்டிருப்பாள்.

“வாசலு சாத்தி இருவது நிமிசம் ஆச்சு” என்றார் காப்ரியல், அவள் படியேறியபோது.

“வாசல் சாத்துனா எனக்கென்ன? நா உள்ளதானே இருக்கேன்.”

“நாலு எடத்துல நின்னே.”

“எண்ணிக்கிட்டா நின்னீங்க?” அவள் பையைக் கொடுத்தாள். “எனக்கு ஒத்த வாசல் போதும்னு நா அன்னிக்குச் சொன்னத யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. நாகமணி தெரிஞ்சா ஒரு வருசத்துக்கு வெச்சி ஓட்டுவா.”

“சொல்லல.”

“இன்னிக்கி ரெண்டு ஆண், ஒரு பொண்ணு” என்று தொடங்கினாள் மாடில்டா. காப்ரியல் அடுப்பைப் பற்றவைக்கப் போனார்.